இரண்டு நத்தைகள்

எங்கள் வீட்டில் செப்புக்குடங்கள் நான்கு இருந்தன. எல்லாம் அம்மா சீராகக் கொண்டுவந்தவை. ஒன்று குறைந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு அப்போதே சோறு இறங்காது. குடம் எங்கே என்று கேட்டேன். அம்மா உதட்டில் விரலை வைத்துக் கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே மாமா குடத்தைத் தகடாக வெட்டி, லாரி இஞ்சினின் குழாய் இணைப்புகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. லாரி அப்பாவுடையது, ஓட்டுவது மாமா. ஐம்பதுகளின் நடுவில், ஊத்தங்கரைப் பக்கத்துப் புளியை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி, ஓசூர், ஜூஜுவாடி வழியாகப் பெங்களூருக்குப் போவதுதான் எங்கள் பிழைப்பு. மேலுமலை ஏற்றம் வந்தால் மட்டும் லாரிக்கு மூச்சு வாங்கும். பாதி மேட்டில் நின்றுவிடும். கிளீனர் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். பாதி மூட்டைகளை இறக்கி வைத்து இரண்டு நடையாக மேலே கொண்டுபோவார்கள். வியாபாரிகள் புது லாரிகளைத் தேடிப் போனார்கள். அந்தப் பருவத்தோடு விற்றுவிடுவதாக அப்பா சொன்னார். மாமாவுக்கு அந்த லாரியை விட்டால் வேறு வாழ்க்கை இல்லை.

“ஒரே ஒரு நடை பாருங்க மச்சான். முழு லோடோட நிக்காம ஏத்திக் காட்டறேன். ஏறலைன்னா வித்துருங்க.”

“நடுவுல கட்டை போட்டாலும் வித்துருவேன். அப்புறம் உங்கக்காள அனுப்பி அழ வெக்கக் கூடாது.”

மாமா பெங்களூரில் பட்டாளத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்து இரண்டு டர்போக்களை வாங்கிவந்தார். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பார்ப்பதற்கு இரும்பு நத்தைகள். இஞ்சின் வெளியே தள்ளும் புகை அதன் உள்ளே ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கும். காற்றைக் கூட்டினால் டீசலையும் கூட்டலாம், இழுக்கும் பலம் வரும். இதற்கு ஒன்று போதாதா என்று கேட்டேன்.

“சின்னது சட்டுனு முழிச்சுக்கும்டா, ஆனா சீக்கிரம் களைச்சுரும். பெருசு சோம்பேறி. எந்திரிச்சுட்டா மலையவே தூக்கும். ரெண்டும் சேந்தாத்தான் மேலுமலை.”

மற்ற டிரைவர்கள் கொட்டகைக்கு வேடிக்கை பார்க்க வந்தார்கள். “நத்தையப் பூட்டி லாரி ஓட்டற ஒரே ஆளு நீதாம்பா. வேகம் பத்தலைன்னா ஒரு ஆமையும் சேத்துப் பூட்டு!” மாமாவும் சேர்ந்து சிரித்தார். ரப்பர் குழாய் வெடித்தது. இணைப்பில் வைத்த அட்டை கருகியது. குடம் போனது அதற்குப் பிறகுதான். கடைசியாக, இஞ்சினிலிருந்து இரண்டு நத்தைகளுக்கும் மெல்லிய எண்ணெய்க் குழாய் இழுத்தார்.

“இந்தச் சக்கரம் எண்ணெய் மேலதான் மெதக்குது. இஞ்சின் ஓடுனாத்தான் எண்ணெய் வரும். எண்ணெய் நின்னு சக்கரம் சுத்துச்சுன்னா, செத்துச்சு.”

எல்லாம் புரிந்தவன்போல் தலையாட்டினேன்.

முழு பாரத்தோடு புறப்பட்ட அன்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். மேட்டின் முதல் வளைவில் சின்னதின் ஊளை கேட்டது. லாரி வழக்கமாக நிற்கும் இடத்தில் பெரியதும் எழுந்துகொண்டது. எங்கள் முதுகை இருக்கையில் அழுத்தியபடி லாரி ஏறியது. கிளீனர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே மூட்டைகள்மேல் உட்கார்ந்து வந்தான். அப்பா என் முழங்காலை இறுகப் பிடித்திருந்தார்.

உச்சியில் முனியப்பன் கோவில். ஏறிவரும் எந்த லாரியும் அங்கே நின்று, கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் மறுபடி நகரும். சாமி முன்னால் இஞ்சின் உறுமக் கூடாது என்பது அந்தச் சாலையில் வழக்கம். மாமா பிரேக்கைப் போட்டுவிட்டு, இஞ்சினை ஓடவிட்டபடியே, குழாய்களைப் பார்க்கக் கீழே குதித்து ஓடினார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கையை நீட்டி, இஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்தார்.

“யாரு நிறுத்துனது?” முன்பக்கமிருந்து மாமாவின் குரல் வந்தது.

“நாந்தான். சாமி முன்னாடி உறுமிக்கிட்டா நிக்கிறது? மாப்ள, லாரிய விக்கல. நீயே ஓட்டு போ.”

நான் இறங்கி ஓடினேன். மாமா பானெட்டின்மேல் காதை வைத்திருந்தார். இஞ்சின் நின்ற பிறகும் உள்ளே மெல்லிய ஊளை கேட்டுக்கொண்டிருந்தது. நான் கைதட்டினேன்.

சூளகிரி தாண்டியதும் உள்ளே கரகரவென்று இரும்பு உரசியது. வெள்ளைப் புகை கிளம்பியது. ஒரு சின்ன ஏற்றத்தில் லாரி நின்றது. கிளீனர் கட்டை போட்டான்.

“என்னடா ஆச்சு? எங்க கோளாறு?” என்றார் அப்பா.

“என் கணக்குதாங்க தப்பு மச்சான். சாமான் பழசு.”

லாரி விற்கப்பட்டது. மாமா ஊத்தங்கரையில் யாருடைய பஸ்ஸையோ ஓட்டப் போனார். ஒவ்வொரு விசேஷத்திலும் அப்பா நத்தைக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். மாமாவும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார். அம்மா மட்டும் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

பல வருஷங்களுக்குப் பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பெரிய டீசல் இஞ்சின் ஒன்றின்மேல் ஒரு தகடு இருந்தது. பாரம் இழுத்த இஞ்சினை உடனே நிறுத்தாதீர்கள், டர்போ ஆறும்வரை சும்மா ஓடவிடுங்கள் என்று எழுதியிருந்தது. அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். அப்போது மாமா இல்லை. அப்பா இருந்தார். அடுத்த விசேஷத்திலும் அவர் அந்தக் கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

கோவில் முன்னால் நான் கைதட்டி, “இன்னும் பாடுது மாமா!” என்று குதித்தது நினைவிருக்கிறது. மாமா பானெட்டிலிருந்து முகத்தை எடுக்காமல் என் தலைமேல் கையை வைத்தார். “ஆமாடா, பாடுது” என்றார். சத்தம் முழுக்க அடங்கும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.