கொடி அசையாத காலைகள்

இந்தக் கட்டுரையில் திகதிகள் இல்லை. என்னை அறிந்த உறவினர்களுக்கு இது வியப்பாக இருக்கும். குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார், யார் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு வீடு மாறினார் என்பதையெல்லாம் குறித்து வைப்பவன் நான். அக்காவின் ஓராண்டு நினைவாக வெளிவரும் இம்மலருக்கும் முதலில் ஆண்டு, மாதம், கிழமை எல்லாம் போட்டுத்தான் எழுதினேன். அம்மா வாசித்துவிட்டுத் தாள்களைத் திருப்பித் தந்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறாய், தம்பி. ஆனா திகதி ஒண்டும் வேண்டாம். கல்லறையிலை ரெண்டு திகதி வெட்டியாச்சு, காணும். இதுக்குள்ளையாவது அவள் ஓடித் திரியட்டும்."

அம்மாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பருவங்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அக்காவின் வாழ்க்கையில் பருவங்களும் தலைகீழாகவே இருந்தன. நாங்கள் இங்கே குளிருக்குப் போர்த்திக்கொண்டிருந்தபோது அவர் அங்கே வெயிலில் ஓடிக்கொண்டிருந்தார்.

அக்கா பாரிஸில், லாச்சப்பலுக்கு அருகிலுள்ள வைத்தியசாலையில், பனி பெய்த ஒரு விடியலில் பிறந்தார். மன்னாரிலிருந்து வந்த அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாவும் அப்போது ரூ பஜோல் என்ற தெருவை ஒட்டிய சந்தில், ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் வாழ்ந்தார்கள். தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குத் தவறாத குடும்பமென்றாலும், பிள்ளையார் தேர் வீதிக்கு வரும் நாளில் அப்பாவின் தோளில் ஏறி நின்று பார்ப்பது அக்காவின் வழக்கம். உயரத்திலிருந்து கூட்டத்தைப் பார்க்கும் அந்த ஆசை அவரை விட்டுப் போகவே இல்லை.

அப்பாவுக்கு றுவாசி விமான நிலையத்தில் வேலை கிடைத்ததும் நாங்கள் அதற்கு அருகிலுள்ள கூசேன்வில்லுக்குக் குடிபோனோம். ஓடுபாதையிலிருந்து ஊர்ந்து வரும் விமானத்துக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளிலும் ஒளிரும் தடிகளைப் பிடித்து, அது நிற்க வேண்டிய இடத்துக்கு வழிகாட்டுவதே அப்பாவின் வேலை. பாடசாலை விட்டதும் அக்கா இரு கைகளையும் சிறகாக விரித்துக்கொண்டு தெருமுனையிலிருந்து ஓடிவருவார். வாசலில் அப்பா வெறுங்கைகளால் சைகை காட்டுவார்: இடப்பக்கம் வா, மெதுவாக வா, இன்னும் கொஞ்சம். கடைசியில் தலைக்கு மேலே இரண்டு கைகளையும் குறுக்காக வைப்பார். அக்கா அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். எங்கள் தெருவில் பலர் இதைக் கண்டிருக்கிறார்கள். அவர்களில் இருவர் இம்மலரைப் பெறுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வன்சேன் காட்டுப் பக்கம் தோழிகளோடு போன அக்காவின் காலடிக்கு முட்டை வடிவப் பந்தொன்று உருண்டு வந்தது. அவுஸ்திரேலியப் பெண்கள் சிலரும் பிரெஞ்சுப் பெண்கள் சிலரும் அங்கே அவுஸ்திரேலியக் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா பந்தை எடுத்துத் திருப்பி எறிந்தார். எறியக்கூடாது, உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தலாம் என்று அவர்கள் விளக்கினார்கள். விளக்கி முடிப்பதற்குள் அக்கா மைதானத்துக்குள் இருந்தார். "பந்து எந்தப் பக்கம் துள்ளும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதடா, அதுக்காகத்தான்," என்று பிறகு என்னிடம் காரணம் சொன்னார்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். மைதானமும் முட்டை வடிவமானது. இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளிகள். பக்கத்து இடைவெளியில் போனாலும் நடுக் கம்பத்தில் பட்டாலும் ஒரே ஒரு புள்ளி. கம்பங்களின் அடியில் நிற்கும் நடுவர், கோல் என்றால் இரு கைகளையும் நேரே நீட்டிக் காட்டிவிட்டு இரண்டு வெள்ளைக் கொடிகளை வீசுவார். ஒரு புள்ளி என்றால் ஒரு கை, ஒரு கொடி. அக்கா தடுப்பு வரிசையில் ஆடியவர். எதிரணி கோல் அடிக்காமல் பார்ப்பது அவருடைய பொறுப்பு.

அப்பா அந்த மைதானத்துக்கு ஒருமுறைதான் போனார். பந்துக்காக உயரே எழும்பிய அக்காவின் மேல் இரண்டு பேர் மோதினார்கள். கீழே விழுந்தவர் சிறிது நேரம் அசையவில்லை. பிறகு வாயில் இரத்தத்தோடு எழுந்து சிரித்தார். அப்பா அதற்குள் வெளியே போய்விட்டார். வீடு வரும் வழியில் ரயிலில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அப்பா, நான் எழும்பிட்டன்தானே?"

"ஓம் பிள்ளை. நீ எழும்பிட்டாய். நான்தான் இன்னும் எழும்பேல்லை."

ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளில் தமக்கு முன்னால் ஓடியவர்கள் விழுந்ததைக் கண்டவர் அப்பா. அவர்கள் எழும்பவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. அன்று இவ்வளவுதான் சொன்னார்: "நீ விளையாடு. நான் மறிக்கமாட்டன். ஆனா என்னைப் பார்க்கக் கூப்பிடாதை."

அக்கா கூப்பிடவில்லை. ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் விரும்பியது அது ஒன்றைத்தான். தம்மை ஆட்டத்தில் அப்பா பார்க்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் அக்கா மெல்பேர்ணுக்குப் போனார். விடியலில் ஒரு பேக்கரியில் வேலை, மாலையில் உள்ளூர் அணியில் பயிற்சி. இரண்டு குளிர்காலங்கள், அதாவது எங்களுடைய இரண்டு கோடைகள், அப்படிக் கழிந்தன. அதன் பிறகு ஒரு தொழில்முறை மகளிர் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் ஆட்டத்துக்கு முன்பு வீராங்கனையின் குடும்பத்தவர் ஒருவர் அணிச்சட்டையை அவர் கையில் கொடுப்பது அங்கே வழக்கமாம். அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பொதுவாகச் சொன்னார், யாரையும் குறித்துச் சொல்லவில்லை. அப்பா தேநீர்க் கோப்பையைக் கழுவப் போனார். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினார்.

கடைசியில் அம்மாதான் போனார். உடைமாற்றும் அறையில் அணி முழுவதும் வட்டமாக நிற்க, சேலை உடுத்த அம்மா அந்தக் கையில்லாத சட்டையைக் கொடுத்துத் தமிழிலேயே சொன்னார்: "பிள்ளை, விழுந்தால் கெதியா எழும்பு. எழும்பினவுடனை ஒரு கையைத் தூக்கிக் காட்டு. நான் உன்ரை அப்பாவுக்குச் சொல்லுவன்." ஒன்றும் விளங்காத பெண்கள் எல்லாரும் கண்கலங்கிக் கைதட்டினார்களாம்.

அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு முறை விழுந்து எழும்போதும் வலக்கையைத் தூக்கிக் காட்டினார். வர்ணனையாளர்கள் அதைப் பயிற்சியாளருக்கான சைகை என்று நினைத்தார்கள்.

மெல்பேர்ணின் மாலை ஆட்டம் எங்களுக்குக் காலை ஆட்டம். அங்கே சாய்கிற வெயிலும் இங்கே எழுகிற வெயிலும் ஒரே நிறத்தில் இருக்கும். ஜன்னல் வழியாக வருவது எது, திரையிலிருந்து வருவது எது என்று பிரித்தறிய முடியாத சில நிமிடங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் வந்துபோகும். அந்நேரங்களில் பச்சை மைதானம் எங்கள் சுவரிலிருந்து வழிந்து விறாந்தை வரை பரவியிருப்பது போலத் தோன்றும். அப்பா குசினியில் அடுப்புப் பக்கம் இருப்பார். அங்கிருந்தே கேட்பார்:

"எழும்பிட்டாளோ?"

"எழும்பிட்டாள். கை காட்டுறாள்," என்பார் அம்மா.

ஒரு காலை, வேலைக்குப் போக ஜாக்கெட்டை எடுக்க வந்த அப்பா திரையின் முன் நின்றுவிட்டார். கம்பங்களுக்கு நடுவில் தொப்பி போட்ட ஒரு மனிதர் இரண்டு கைகளையும் நேரே நீட்டினார்.

"ஆர் இந்த ஆள்?"

"கோலோ இல்லையோ எண்டு சொல்லுற நடுவர், அப்பா," என்றேன்.

"என்ரை வேலையெல்லோ செய்யிறார்!" அப்பா இன்னும் நெருங்கி வந்தார். "உந்தக் கொடியை வீசினால் மற்ற ஆக்கள் அடிச்சிட்டினம். அப்பிடித்தானே?"

"ஓம்."

"வீசாமல் நிண்டால்?"

"அக்கா விடேல்லை எண்டு அர்த்தம்."

அப்பா குசினிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். "எனக்கு அந்த மனிசனைப் பார்த்தால் காணும்," என்றார்.

அப்படித்தான் அக்காவின் விளையாட்டு வாழ்க்கையை அப்பா பார்த்தார். பெண்கள் மோதும்போது ஜன்னலைப் பார்ப்பார். கொடிக்காரர் திரைக்கு வந்ததும் திரும்புவார். அவர் அசையாமல் நின்றால், "பிள்ளை நல்லா நிக்கிறாள்," என்று தேநீரைக் குடிப்பார். கொடிக்காரரின் தொழிலில் குறையும் கண்டுபிடிப்பார்: "கை இன்னும் நேராப் போகவேணும். ஒரு பைலட் இதைப் பார்த்தால் விமானத்தைக் கொண்டுபோய் எங்கை நிப்பாட்டுவான்?"

அக்காவிடம் இதைச் சொன்னபோது தொலைபேசியில் வெகுநேரம் சிரித்தார். அடுத்த ஆட்டத்துக்கு முன், பாரிஸிலிருக்கும் என் தந்தை ஆட்டத்தில் உங்களை மட்டுமே பார்க்கிறார் என்று அந்த நடுவரிடமே சொல்லிவிட்டார். அன்று முழுவதும் நடுவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "இண்டைக்குத்தான் ஆள் திருந்தியிருக்கிறார்," என்றார் ஒன்றும் அறியாத அப்பா.

விடுமுறைக்கு வந்த அக்காவுக்கு லாச்சப்பலில் ஒரு மண்டபத்தில் கௌரவிப்பு நடந்தது. பின்னால் கட்டிய பெரிய பதாகையில் அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் உருண்டைப் பந்து. பொன்னாடை போர்த்திய பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்தபடியே கேட்டார்:

"இதுவரைக்கும் எத்தினை கோல் அடிச்சிருக்கிறியள், பிள்ளை?"

"ஒண்டும் இல்லை, மாமா."

"அப்ப கோல் கீப்பரோ?"

"இதிலை கோல் கீப்பர் இல்லை, மாமா. மற்ற ஆக்களை அடிக்க விடாமல் நிக்கிறதுதான் என்ரை வேலை."

பெரியவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணை, உங்கடை மகள் சும்மா நிக்கிறதுக்கெல்லோ சம்பளம் வாங்கிறா!"

"நானும் அதுக்குத்தான் வாங்கிறன்," என்றார் அப்பா. மண்டபமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்தபின் என்னிடம், "ஒரு கோல் அடிச்சால் அப்பா பார்ப்பார், என்னடா? கொடி ஆடினால் பார்க்கத்தானே வேணும்," என்றார்.

அது நடந்தது அவருடைய கடைசி ஆட்டத்தில். கடைசியென்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவின் அணி முன்னணியில் இருந்ததால், இறுதிக் கட்டத்தில் பயிற்சியாளர் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். உயரே எழும்பிப் பந்தைப் பிடித்தவர், ஓடி, உதைத்தார். உதைத்த கணமே எதிரணிப் பெண் அவரை வீழ்த்தினாள். பந்து மெதுவாக, கனவில் போவது போல, கம்பங்களை நோக்கிப் போனது. அப்பா எழுந்து நின்றார். கொடிக்காரர் கை நீட்டும் முன்னரே தம் இரண்டு கைகளையும் நேரே நீட்டினார்.

பந்து கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. நடுவர் ஒரு கையை நீட்டினார். ஒரு கொடி.

"கோல்!" என்றார் அப்பா. "அது கோல்தான்! இந்த மனிசனுக்குக் கண் தெரியேல்லை!"

திரை அப்போது அக்காவைக் காட்டியது. அவர் புல்லில் முகம் குப்புறக் கிடந்தார். அம்மா சட்டென்று அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நீட்டிய கைகளை மடக்காமல் அப்படியே நின்றார். அக்கா முழங்காலை ஊன்றினார், எழுந்தார், வலக்கையைத் தூக்கினார். அப்பாவின் கைகள் மெல்லக் கீழே வந்தன.

அந்தப் பருவம் முடிந்து நடந்த வழக்கமான பரிசோதனையில்தான் நோய் தெரியவந்தது. அங்கே செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். பிறகு அக்கா வீட்டுக்கு வர விரும்பினார். அக்காவின் விமானம் வரும் காலை அப்பா தம் மேலதிகாரியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அவர் மறுக்கவில்லை. நானும் அம்மாவும் பயணிகள் வெளியேறும் வாசலில் காத்திருந்த நேரத்தில், மூடுபனிக்குள்ளிருந்து ஊர்ந்து வந்த அந்தப் பெரிய விமானத்துக்கு முன்னால் அப்பா நின்றார். இடப்பக்கம் வா, மெதுவாக வா, இன்னும் கொஞ்சம். பிறகு தலைக்கு மேலே இரண்டு தடிகளையும் குறுக்காக வைத்தார்.

"விமானம் திரும்பேக்கை ஜன்னலால கண்டனான்," என்றார் அக்கா, சக்கர நாற்காலியில் வந்தபடியே. "அப்பாவின்ரை கை நல்ல நேர்."

கடைசி வாரங்களை அவர் கூசேன்வில்லில், தெருவைப் பார்த்த அறையில் கழித்தார். ஒரு பிற்பகல் அப்பா சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்:

"அப்பா, அண்டைக்கு நான் விழுந்ததைப் பார்த்தீங்களாம். அம்மா சொன்னவ."

"பார்த்தனான்."

"பயந்திட்டீங்களோ?"

"பயந்தனான். நீ எழும்பினதையும் பார்த்தனான், பிள்ளை. எத்தினை காலைகளை வீணாக்கிப்போட்டன் எண்டு நினைச்சன்."

"வீணில்லை, அப்பா. நீங்கள் கொடிக்காரரைப் பார்த்ததாலைதான் நான் ஒழுங்கா நிண்டனான்."

இளவேனிலின் முதல் நல்ல வெயில் அறைக்குள் வந்த ஒரு காலையில், நாங்கள் மூவரும் பக்கத்தில் இருக்க, அக்கா அமைதியாகக் கண்மூடினார். விமானங்கள் தாழப் பறக்கும் இவ்வூர்ச் சேமக்காலைக் கல்லறையில் உறங்குகிறார்.

அந்நாட்களில் எங்களைத் தனியே விடாத எல்லாரையும் இங்கே நினைக்கிறோம். நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனத்தைத் தந்து செபித்த குருவானவர், வீட்டுக்கே வந்து பராமரித்த தாதியர், லெ பிளாங்-மெனிலிலிருந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த சித்தி, குளிர் விடாத காலையிலும் அப்பாவோடு கல்லறை வரை வந்த விமான நிலையத் தோழர்கள், உலகின் மறுபக்கத்திலிருந்து அணிச்சட்டையில் கையொப்பமிட்டு அனுப்பிய அக்காவின் சக வீராங்கனைகள் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சம் நிறைந்த நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரை எழுதிவைக்க நான் தவறிவிட்டேன். ஆட்டங்கள் தோறும் கம்பங்களுக்கு நடுவில் அசையாமல் நின்று, பிள்ளை நலமாக நிற்கிறாள் என்று ஒரு தந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கொடிக்காரருக்கும் நன்றி. அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் கொடுத்த தீர்ப்பை மட்டும் அப்பா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.