மலைக்கழுகு பார்க்கப் போன நாள்

என் வாப்பா வெளிநாட்டில் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் வாப்பாமார் சாரதியாக இருந்தார்கள், கடையில் நின்றார்கள், கட்டட வேலை பார்த்தார்கள். என் வாப்பா பருந்து வளர்த்தார். வளைகுடாவில் ஒரு பெரிய அறபி வீட்டில் வேட்டைக்கென்று வைத்திருந்த ராஜாளிகளுக்கு இறைச்சி ஊட்டுவதும், குளிப்பாட்டுவதும், தோல் கையுறையில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குப் போவதும் அவருடைய தொழில். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் முசலிக் கரையில் பருந்து என்றால் மீன் வாடியில் காயப்போட்ட கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போகிற கள்ளப் பறவை. அதை வளர்க்க ஆள் வைத்துச் சம்பளமும் கொடுப்பார்களா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

யுத்தத்தில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு நாங்கள் புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் போனவர் அவர். பிறகு எல்லோரும் ஊருக்குத் திரும்பியதும், பற்றைக்காடு மண்டிக் கிடந்த வளவை வெட்டித் துப்புரவாக்கியதும், தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டதும் அவர் இல்லாமலே நடந்தன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது, கிணற்று வாளி எங்கே தொங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்கவும் உம்மாவைக் கேட்பார். எங்களுக்கு அதெல்லாம் ஒரு குறையாகத் தெரியவில்லை. அவர் வரும் நாள் பெருநாளைவிடப் பெரியது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வந்து நிற்கும். கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகள் இறங்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வேலியோரம் வரிசையாக நிற்பார்கள். அன்றைக்கு ஊரில் நான்தான் ராணி.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த விடுமுறையில் அவருக்கு ஒரு புது ஆசை முளைத்திருந்தது. உன் நாட்டில் இப்படிப் பறவைகள் உண்டா என்று அறபி ஒருநாள் கேட்டாராம். கருவாடு திருடுகிற பருந்து உண்டு என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். மலைநாட்டில் பெரிய கழுகு இருக்கிறது, காட்டுக்கு மேலே சிறகு அசைக்காமல் பறக்கும் என்று சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்ட பிறகு, அதை ஒருதரமாவது கண்ணால் பார்க்கத்தானே வேண்டும்.

ஆகவே விடுமுறை முடியப்போகிற கிழமையில் ஒரு வான் பேசி, விடியற்காலைச் சுபஹு தொழுகையோடு புறப்பட்டோம். உம்மாவின் தம்பி, என் மாமா, வானை ஓட்டினார். வாப்பா, உம்மா, நான், வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல்கள், ஒரு பிளாஸ்க் நிறையப் பால் சேர்க்காத பிளேன்ரீ. எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் குளக்கட்டு. அதில் ஏறி நின்றாலே ஊர் முழுவதும் தெரியும். அதனால் மாத்தளை தாண்டி வான் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியபோது, பூமியை யாரோ ஒரு பக்கம் தூக்கிப் பிடித்ததுபோல எனக்கு இருந்தது.

மேலே ஒரு புல்மேட்டில் நிறுத்தினோம். காற்று ஆளைத் தள்ளியது. உம்மா முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. கீழே பள்ளம் முழுவதும் காடு. வாப்பா கழுத்தில் அறபி பாவித்துவிட்டுக் கொடுத்த தொலைநோக்கி தொங்கியது. வெகுநேரம் வானத்தைத் தேடினார். ஒன்றும் வரவில்லை. சோறு சாப்பிட்டோம். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "மச்சான், நீங்க அங்க கூப்பிடுற மாதிரி ஒருக்கா கூப்பிட்டுப் பாருங்களன். அறபுப் பாஷை இந்தப் பறவைக்கும் விளங்குதோ எண்டு பாப்பம்."

வாப்பா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், வாயில் இரண்டு விரலை வைத்து நீளமாக ஒரு சீழ்க்கை அடித்தார். அவர் அப்படி அடிப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பள்ளத்தின் எதிர்ப்பக்கம் அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. பறவை வரவில்லை.

"அது வராது. நான் அதுக்குத் தீனி போட்டதில்லையே" என்றார்.

நாங்கள் சலித்துப்போய் உட்கார்ந்த பிறகுதான் அது வந்தது. வானத்திலிருந்து வரவில்லை, எங்கள் காலடிக்குக் கீழே, காட்டின் தலையை உரசிக்கொண்டு, அடுப்புக்கரி போலக் கறுத்த ஒரு பெரிய பறவை பள்ளத்தின் வழியே மிதந்து வந்தது. அதன் முதுகை நாங்கள் மேலிருந்து பார்த்தோம். மஞ்சள் கால், சிறகு நுனியில் விரல்கள்போல விரிந்த இறகுகள் எல்லாம் தெரிந்தன. சிறகை ஒருமுறைகூட அடிக்கவில்லை. வாப்பா தொலைநோக்கியை என் கண்ணில் வைத்துப் பிடித்தார். காற்று தள்ளியதில் எனக்குக் காடு மட்டும்தான் ஆடி ஆடித் தெரிந்தது. ஆனாலும் கண்டுவிட்டேன் என்று சொன்னேன்.

பறவை மலைமுகடு தாண்டி மறைந்தது. மாமா வானைத் திருப்பப் போனார். உம்மா பார்சல் இலைகளைச் சுருட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றா. வாப்பா எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, காற்றில் பறந்த என் தலைத் தாவணியைச் சரிசெய்வதுபோல இழுத்துக்கொண்டு கேட்டார்.

"மகள், வாப்பா இனிப் போகாம இஞ்சயே நிண்டா என்ன?"

நான் யோசித்தேன். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"நீங்க போனாத்தானே வாப்பா திரும்பி வருவீங்க?"

வாப்பா தாவணியை விட்டுவிட்டு எழுந்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். வான் கதவைத் திறந்துகொண்டிருந்த மாமாவும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இவள் சட்டத்தரணியாத்தான் வருவாள் மச்சான்!" என்றார். என் பதில் பின்னால் எங்கள் குடும்பத்துக் கலியாண வீடுகளிலெல்லாம் சொல்லப்பட்டது. ஒவ்வொருமுறையும் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வாப்பா அடுத்த கிழமை போனார். போய், வந்து, மறுபடி போய், கடைசியில் நிரந்தரமாக வந்து சேர்ந்தபோது நான் படித்து முடித்து ஒரு கந்தோரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் அறைக்குள் வந்தால் அவர் எழுந்து கதிரையை நகர்த்தித் தருகிறார். நானும் விருந்தாளியிடம் கேட்பதுபோல "பிளேன்ரீ போடட்டா வாப்பா?" என்று கேட்கிறேன். இரண்டு பேருக்கும் இடையில் சண்டையில்லை, கோபமில்லை. ஒருவரையொருவர் நோகடித்துவிடக்கூடாதென்று கவனமாக நடந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

போன வருடம் என் கணவரும் வெளிநாடு போகிற கதையை எடுத்தபோதுதான் உம்மா எனக்கு இதைச் சொன்னா. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவ, சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னா:

"மலைக்குப் போறதுக்கு முதல்நாள் உங்கட வாப்பா என்னட்டக் கேட்டவர், நான் நிக்கட்டா எண்டு. வீடு அரைச்சுவரில நிக்குது. போங்கோ எண்டும் எனக்கு வாய் வரேல்லை, நில்லுங்கோ எண்டும் வாய் வரேல்லை. புள்ளயக் கேளுங்கோ எண்டு சொன்னன்." சுளகை மறுபடி எடுத்துக்கொண்டு, "நீ நிக்கச் சொல்லுவாய் எண்டுதான் நான் நினைச்சனான்" என்றா.

அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும்போது வாப்பா முன்னால், மாமாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தேநீர்க் கடையில் நிறுத்தியபோது மாமா கடைக்காரருக்கும் என் பதிலைச் சொல்லிச் சிரித்தார். உம்மா வானை விட்டு இறங்கவில்லை. பின் ஆசனத்தில் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா. என்ன உம்மா என்று கேட்டேன்.

"வளைவு, புள்ள. தலை சுத்துது."

கடைக்காரரிடம் ஒரு தேசிக்காய் வாங்கி, புளிப்பு மணம் வர நகத்தால் கீறி உம்மாவின் மூக்கருகில் பிடித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். மதவாச்சியில் திரும்பி, இருபக்கமும் பற்றைக்காடாக, பாதை நூல் பிடித்ததுபோல மன்னாரைப் பார்த்து நேரே ஓடத் தொடங்கிய பிறகும் உம்மா முகத்தைத் திருப்பவில்லை. வளைவுகள் எப்போதோ முடிந்துவிட்டன என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நான் தேசிக்காயை இன்னும் கொஞ்சம் கீறி, மறுபடியும் அவவின் மூக்கருகில் பிடித்தேன்.