சிறுகுறிஞ்சானும் ஒரு துண்டு வெல்லமும்: மரக்காணம் போய்வந்தது

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடி அசலா போலியா என்று தெரிந்துகொள்ளத்தான் 2005 வைகாசியில் மரக்காணம் போனேன். சர்க்கரை வியாதிக்காக என் மனைவி லட்சுமி அதை ஒரு வருடம் சாப்பிட்டாள். "இது போதும், மாத்திரை வேணாம்" என்று சொன்னது நான்தான். தை மாதம் போய்விட்டாள். டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறது. எனக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல பிரவுசிங் சென்டர்காரர் அடிக்கிறார். மணிக்கு இருபது ரூபாய், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்கிறார். எனக்குச் சுருக்க வராது.

காலை ஏழே காலுக்குப் பேருந்து. ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர், பத்து ரூபாய். "ரெண்டு மரக்காணம்" என்றேன். கண்டக்டர் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார். "இன்னொருத்தர் எங்க, பெரியவரே?" ஒன்று போதும் என்றேன். வழியில் பெருமுக்கல் மலை வந்தது. ஒருமுறை கோயிலுக்கு ஏறும்போது லட்சுமி பாதியில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய் பாத்துட்டு வா, சாமி எங்கயும் போயிடாது" என்றாள். சரி, அதை விடுங்கள்.

எட்டரைக்கு இறங்கி நாற்பது நிமிடம் நடந்தேன். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். ஒரு மரம் கிடையாது. உப்பளத்து வேலியோரம் அந்தக் கொடி உண்டு என்று எங்கள் ஊர் மாட்டுத் தரகர் சொல்லியிருந்தார். விடியுமுன்னே வேலைக்கு வந்தவர்கள் கொட்டகையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பெரியவரே, உப்பு வெளையுற எடத்துல பச்சில கேக்குறீங்க?" என்று சிரித்தாள் அவர்களில் ஒருத்தி, அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். ஆனாலும் எழுந்து போய், வேலிப் புதரிலிருந்து ஒரு கொடியை இழுத்து வந்தாள். எதிரெதிராக இரண்டிரண்டு இலைகள். தடவினால் மெல்லிய சுணை.

"கசக்கும், அதானம்மா அடையாளம்?" என்றேன்.

"கசப்ப நம்பாதீங்க. வேப்பந்தழைப் பொடிகூடத்தான் கசக்கும். இத மெல்லுங்க."

"ஏ அஞ்சல, பாத்து. மனுசன் ஊடு போய்ச் சேரணும்" என்றார் கூட வேலை செய்யும் முனுசாமி.

"நீ கஞ்சியக் குடி."

மென்று துப்பினேன். டப்பாவோடு வெல்லப் பொட்டலமும் இருந்தது. சேர்த்தே வைத்துப் பழக்கம். ஒரு துண்டை வாயில் போட்டேன். மண். இனிப்பு துளியும் இல்லை. அஞ்சலை ஓர் உப்புக்கல்லைக் கொடுத்தாள். அது கரித்தது.

"உப்பு தெரியும், இனிப்பு தெரியாது. அதான் அசலு. எங்க ஊட்டுக்காரருக்கும் சக்கரதான். இத மெல்லுவாரு, ஆஸ்பத்திரி மாத்திரயும் போடுவாரு. அத வுட்டா நான் வுட மாட்டேன்."

டப்பாவைத் திறக்கப் போனேன். தடுத்தாள். "இப்ப இன்னா தெரியும்? ஒரு மணி நேரம் குந்துங்க, நாக்கு திரும்பட்டும்."

அவர்கள் பாத்திக்கு இறங்கிவிட்டார்கள். மடியில் டப்பாவோடு நான் மட்டும் கொட்டகையில். தூரத்தில் உப்பு வாரும் பலகை உரசும் சத்தம். அந்த ஒரு மணி நேரமும், பொடி அசலாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு பொடியை நாக்கில் போட்டேன். நல்ல கசப்பு. கொஞ்சம் பொறுத்து வெல்லம். இனித்தது.

அஞ்சலை கை கழுவிக்கொண்டு வந்தாள். "இனிக்குதா?"

தலையை ஆட்டினேன்.

"யாருக்கு வாங்குனது?"

"வீட்டுக்கு."

டப்பாவைக் கவிழ்க்கப் போனேன். "இங்க கொட்டாதீங்க பெரியவரே, உப்பு கறுத்துடும்" என்றாள். மூடி எடுத்துக்கொண்டேன்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு துண்டு வெல்லம் கொண்டுபோங்கள். கடைக்காரர் முன்னாலேயே சோதியுங்கள். ஒரு நாக்குக்கு ஒரு தடவைதான், அசலாக இருந்தால் நாக்கு திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அசலே கிடைத்தாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். திரும்பப் பன்னிரண்டே காலுக்குப் பேருந்து இருக்கிறது.

தினமும் காலையில் பொடியைத் தின்றுவிட்டு லட்சுமி முகம் சுளிப்பாள். கசப்பு போகட்டும் என்று கிள்ளிக் கொஞ்சம் வெல்லம் கொடுப்பேன். "அப்பாடா, நல்லா இனிக்குதுய்யா" என்பாள். ஒரு வருடம், ஒவ்வொரு காலையும் சொன்னாள். நல்ல வெல்லம் போலிருக்கிறது என்று நானும் அதே கடையில் வாங்கிக்கொண்டிருந்தேன்.