அத்தையின் உப்பு ஒத்தடம்

என் மேசை இழுப்பறையில் பழைய சேலைத் துண்டு ஒன்று இருக்கிறது. வறுத்த உப்பின் சூடு பட்டுப் பட்டு அதன் நடுப்பகுதி பழுப்பேறிவிட்டது. இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலைக்கு அப்பால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் தம்பிக்கு மூச்சு இழுப்பு வரும்போதெல்லாம், அப்பாவின் அக்காவான அத்தை அதில் உப்பைக் கட்டி அவன் முதுகில் ஒற்றுவார். தோள்பட்டைகளுக்கு நடுவே, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. சற்று நேரத்தில் அவன் மூச்சு சீராகும். கை அப்படி இதமானது, வாய் வேறு. "ஒங்க வம்சத்துச் சொத்துடியம்மா இது. எங்க பக்கமெல்லாம் கல்லு மாதிரி ஆளுங்க" என்று அம்மாவைக் குத்திக்கொண்டேதான் ஒற்றுவார். லுணுகலையிலிருந்த எங்கள் தாய்மாமனுக்கு இழுப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்துப் பிறந்த தங்கைக்கும் நெஞ்சு இழுத்தபோது பேச்சு முற்றியது. அப்பாவுக்கு இரண்டாந்தாரமாகப் பண்டாரவளைப் பக்கம் பெண் பார்த்து, அத்தையே வெற்றிலை மாற்றிவிட்டு வந்தார். அம்மா தம் துணிகளை மடித்து மூட்டை கட்டத் தொடங்கினார்.

அந்த வாரம்தான் தோட்டத்து டாக்டர் ஐயா லயத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்; நோயை 'வருத்தம்' என்பார். ஒரே பனியிலும் ஒரே அடுப்புப் புகையிலும் வளரும் பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் ஏன் இழுப்பு வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டு வந்தார்.

"இது குடும்பத்துக்குள்ள ஓடுற வருத்தம் போல கிடக்கு. தாய்ப் பக்கத்தில ஆருக்கு? தேப்பன் பக்கத்தில ஆருக்கு?"

அம்மா தம் அண்ணனைச் சொன்னார்.

"எங்க பக்கம் யாருக்கும் இல்லீங்க" என்றார் அப்பா.

தம்பியின் முதுகில் ஒற்றிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். இந்தியாவிலேயே இறந்துபோன எங்கள் தாத்தாவைக் கண்டவர்கள் இந்தக் கரையில் வேறு யாருமில்லை.

"இருந்துச்சுங்கையா. எங்க அப்பனுக்கு. இந்த ஒத்தடமே அவரு முதுகுல பழகினதுதான். நாங்க கப்பல் ஏறுறப்ப, குடும்பத்துல இழுப்புன்னு வாயத் தொறந்தா ஏத்த மாட்டாங்கன்னு, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி சொன்னாரு. அன்னிக்கு மூடுன வாய். இவன் அப்ப கைப்புள்ள, இவனுக்கு என்ன தெரியும்?"

"அப்ப ரெண்டு பக்கமும்தான்" என்றார் டாக்டர்.

அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாடி? சொத்துல பாதி எங்களுது. மூட்டையப் பிரி."

மறுநாள் பண்டாரவளைக்குத் தாமே போய் வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் ஐயாவால் எங்கள் நோயைத் தீர்க்க முடியவில்லை. ஆனால் தகப்பன் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காக அவரை நன்றியோடு நினைக்கிறேன். உண்மையைச் சொன்ன அத்தையை அதைவிட அதிகமாக.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் ஏறிய முதல் ஆள் நான்; சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. இன்று பதுளையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். பனிக்காலத்தில் சுண்ணக்கட்டித் தூள் பட்டால் எனக்கும் மூச்சு இழுக்கும். உப்பை நானே வறுத்து அத்தையின் சேலைத் துண்டில் கட்டிவிடுவேன். முதுகுக்குத்தான் என் கை எட்டாது. அம்மா வந்து பொட்டலத்தை வாங்கிக்கொள்வார். தோள்பட்டைகளுக்கு நடுவே, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி ஒற்றுவார்.