இலுப்பை மரத்துப் பொந்தை நான் உடைத்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை வருமே என்ற கூச்சம் ஒருபக்கம், செய்த தப்பை முன்பின் தெரியாதவர்களுக்கும் நானே சொல்ல வேண்டுமே என்ற பயம் இன்னொரு பக்கம். இந்தப் பங்குனியில் விளக்கேற்றி, படவேட்டம்மாவைக் கும்பிட்டு உட்கார்ந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்ல அவள்தான் துணை.

ஜவ்வாது மலையில் எங்கள் வீடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. பங்குனி என்றால் புளி உலுக்கும் காலம். பெரியவர்கள் விடிந்ததும் புளியமரத்துக்குப் போய்விடுவார்கள். ஐந்து வயதுத் தம்பியும் சித்தியின் மூன்று வயதுப் பெண்ணும் என் பொறுப்பு. கொல்லையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. கொல்லையில் எது ஊர்ந்தாலும் பறந்தாலும் தம்பிதான் முதலில் கண்டுபிடிப்பான், பெயரும் வைப்பான். ஒரு பச்சோந்திக்குச் ‘சித்தப்பா’ என்று பெயர் வைத்து, சித்தியிடம் முதுகில் வாங்கியவன்.

அன்று அவன் கொல்லைக் கோடியில் நின்ற பழைய இலுப்பை மரத்தைக் காட்டினான்.

“யக்கா, மரத்துக்குள்ள யாரோ குந்திக்கினு கீறாங்க.”

அப்பா நின்றால் அவர் தலைக்குச் சற்று மேலே வரும் உயரத்தில் ஒரு பொந்து. அதன் வாயைச் சுவர் பூசினாற்போல் யாரோ பூசியிருந்தார்கள். நடுவில் ஒரு சின்னக் கீறல் மட்டும். அதன் வழியாக வளைந்த மூக்கு ஒன்று வெளியே வந்து, உள்ளே போனது. நாங்கள் மூவரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறத்தில் பெரிய பறவை ஒன்று வந்து மரத்தைப் பற்றிக்கொண்டது. தொண்டையிலிருந்து ஆலம்பழங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அந்தக் கீறலுக்குள் ஊட்டியது. சின்னவள் தன் வாயையும் கூடவே திறந்து திறந்து மூடினாள். கோயிலில் திரை விலகும்போது உடம்பு சிலிர்க்குமே, எனக்கு அப்படி இருந்தது.

பறவை பறந்து போனதும் தம்பி தீர்ப்புச் சொன்னான்.

“பொண்டாட்டிய உள்ள வச்சுப் பூசிட்டான்க்கா.”

“ஏன்டா?”

“எதுத்துப் பேசியிருப்பா.”

எனக்குப் பொறுக்கவில்லை. புளி பறிக்கும் தொரட்டிக்கோலை எடுத்துக்கொண்டு மரத்தை ஒட்டியிருந்த கல்கட்டுச் சுவரின் மேல் ஏறினேன். அந்தப் பூச்சு லேசில் உடையவில்லை. மூன்றாவது குத்தில் பாதி பெயர்ந்து விழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

விடுதலையான பறவை விர்ரென்று பறக்கும் என்று நினைத்திருந்தேன். அது பறக்கவில்லை. அதற்கு வாலும் இல்லை, இறக்கையில் நீளச் சிறகும் இல்லை. காலடியில் உதிர்ந்து கிடந்த சிறகுகளுக்கு நடுவே இரண்டு வெள்ளை முட்டைகள். அவற்றின் மேல் ஒடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தியது. சின்னவள் அழுதாள். ஓடவும் பறக்கவும் முடியாத ஒன்றின் கதவை உடைத்துவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது. பாம்பு வரும், கீரி வரும். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. ‘தாயே, அதைக் காப்பாத்து, என் முடியைத் தர்றேன்’ என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஓட்டை பாதி அடைபட்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் பழையபடி கீறல் மட்டும்தான். நான் அலறிக்கொண்டு ஓடினேன்.

“யம்மா, மரத்துல பெரிய ஓட்டை இருந்துச்சு. அம்மன் வந்து அடைச்சிட்டா!”

யார் உடைத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த நாள் விடிவதற்குள் ஊரே எங்கள் கொல்லையில் நின்றது. மரத்துக்கு மஞ்சள், குங்குமம், மஞ்சள் துணி. கற்பூரப் புகை. பெரியப்பா பம்பை மேளத்தோடு வந்துவிட்டார். மேல்வீட்டு அத்தை என் முன்னால் குனிந்து, “நீயே பூசுடி கண்ணு, ஒன் கண்ணுலதான காட்டுனா” என்றாள். நான் பெருமையாக விபூதி பூசினேன். வரிசை நின்றது.

தம்பி என் பாவாடையை இழுத்தான். “யக்கா, அந்தாண்ட பாரு.”

தூரத்துப் பலாமரத்தில் சாம்பல் பறவை உட்கார்ந்திருந்தது, மூக்கில் பழத்தோடு. பம்பை ஓயும்போதெல்லாம் இறங்கி வரப் பார்க்கும். புகையைக் கண்டு திரும்பிவிடும். இங்கே கீறலில் அந்த மூக்கு சும்மா திறந்து திறந்து மூடியது. உச்சி வெயில் வந்துவிட்டது.

“காலைலேர்ந்து ஒண்ணுமே துன்னலக்கா அது.”

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“நான்தான் ஒடைச்சேன்!” என்று கத்தினேன். “தொரட்டியால ஒடைச்சேன். உள்ள முட்டை கீது. அதுக்குப் பறக்க றெக்கை இல்ல. நீங்க நின்னா சோறு வராது!”

பம்பை நின்றது. அம்மா விட்ட அறையில் காது கொய்யென்றது. பெரியப்பா, “தோ பாருடா, ஒடைச்சவ கையாலயே விபூதி வாங்கிக்கினோம்” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நெற்றியைத் துடைக்கப் போன மேல்வீட்டு அத்தை பாதியில் கையை நிறுத்தினாள்.

“சரிடி, ஒடைச்சது நீ. அடைச்சது யாரு?”

அப்பாதான் முன்னால் வந்தார்.

“யாரோ அடைச்சாங்க. உள்ள முட்டை கீதுன்னா இது பிள்ளை பெக்கற வூடு. பிள்ளைத்தாச்சி வூட்டு முன்னாடி பம்பை அடிப்பீங்களா? கெளம்புங்க எல்லாரும்.”

எல்லோரும் வெளியேறியதும், கொல்லைப் படலில் ஒரு கொத்து வேப்பிலை சொருகினார். பிரசவம் ஆன வீட்டு வாசலில் சொருகுவது அது. அதைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் அந்நியர் படி ஏற மாட்டார்கள். நாட்டாமை பேச்சைக் கேட்காதவர்கூட வேப்பிலைக்குக் கட்டுப்படுவார். அடுப்பில் உலை கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை, பறவை இறங்கி வந்தது. படலுக்கு வெளியே குந்தியபடி நாங்கள் மூவரும் பார்த்தோம். ஒன்று, இரண்டு என்று பழங்களை எண்ணிய தம்பி, பத்துக்கு மேல் எண்ணத் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

குஞ்சுகள் பறக்கும்வரை அப்பா வேப்பிலையை மாற்றி மாற்றி வைத்தார். வேண்டிக்கொண்டபடி படவேட்டம்மா கோயிலில் என் முடியைக் கொடுத்தோம்.

தம்பி இப்போது காட்டில் காவல் வேலை பார்க்கிறான். அந்தப் பறவைக்கு இருவாச்சி என்று பெயர் என அவன்தான் சில வருடம் முன்பு சொன்னான். பொந்துக்குள் இருப்பவளை யாரும் அடைத்து வைப்பதில்லையாம். தன் எச்சத்தையும் மண்ணையும் குழைத்து, உள்ளே இருந்துகொண்டு அவளே பூசிக்கொள்வாளாம். சிறகையும் தானே உதிர்த்துவிடுவாளாம். புருஷன் பூட்டினான் என்று நினைத்தேன், அம்மன் வெளியிலிருந்து அடைத்தாள் என்று நினைத்தேன். என் கோலைப் பார்த்து நடுங்கிய அந்த உயிர், முட்டையை விட்டு இறங்காமல், அந்தக் கதவை மறுபடி மூடிக்கொண்டிருந்தபோது நான் கீழேதான் நின்றிருந்தேன். எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் எனக்கு என் அம்மன் ஒரு துளியும் குறையவில்லை.

படிக்கிறவர்கள் தயவுசெய்து இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம், ஊர் ஏற்கெனவே போதுமான அளவு கூட்டிவிட்டது. நான் உடைத்ததைக் குறைக்கவும் வேண்டாம். பாதிக் கதவோடு அவள் உட்கார்ந்து பூசிய அந்த இரண்டு நாளை மட்டும், இருந்தபடியே சொல்லுங்கள்.