கவிழ்ந்த சிரட்டை

இன்று லாரியொன்றில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டின் புளித்த புகைவாசம் பட்டதும், இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்குள் இருந்த எங்கள் தகரக்கூரைப் பள்ளிக்கூடத்துக்கு நினைவில் போய்விட்டேன். மழையை அளக்கப் பழக்குவதற்காக, ரப்பர்ப்பால் ஏந்தும் தேங்காய்ச் சிரட்டையொன்றை வாத்தியார் முற்றத்துக் கல்மேல் வைத்திருந்தார். காலையில் அதில் ஈர்க்குச்சியை விட்டு, எதுவரை நனைகிறது என்று முண்டியடித்துப் பார்ப்போம். ஒருநாள், இரவெல்லாம் கூரை அதிரப் பெய்திருந்தும், சிரட்டை கவிழ்ந்து கிடந்தது.

"யாரு கவுத்தது?"

பால் வெட்டப் போய், மரம் ஈரமென்று அன்றைய கூலியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட அம்மா வேலியோரம் நின்றாள்.

"நான்தாங்க வாத்தியாரய்யா. நேத்து சாயங்காலம் மழ இருட்டிக்கிட்டு வந்துச்சு. செரட்டையில தண்ணி நின்னா பால் கெட்டுப்போகுமுங்களே."

"இது மழைக்குன்னே வச்சதும்மா" என்று சிரித்தார் வாத்தியார்.

அதன்பின் அம்மா அதைக் கவிழ்க்கவில்லை. வேலைவிட்டு வரும்போதெல்லாம் அதன்முன் நின்று கைகூப்புவாள்: "நாளைக்கு வேல வேணும், காஞ்சே கெட சாமி."

அதைக் கேட்டபிறகு, குச்சி நனையாத காலைகளில்தான் எனக்குப் பள்ளிக்கூடம் பிடித்தது.