போய்ச் சேராத செய்திகள்

நிலநடுக்கத்துக்கு முன்பு எங்கள் தொலைபேசிக் கம்பெனியில் கெர்தாவைப் பலருக்குத் தெரியாது. கணினிகள் அடுக்கிய குளிர்க்கூடத்துக்குள் ஸ்வெட்டரோடு போவாள், ஸ்வெட்டரோடு வருவாள். நகரை ஒட்டிய கார்ஃபூரில் ஒரு தையல்காரியின் மகள். தம்பி ஓட்னெலைக் கல்லூரியில் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஜனவரி மாலை, கல்லூரியின் மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் கூடத்தின் கூரையும் சரிந்திருந்தது. சிமென்ட் புழுதிக்குள்ளிருந்து இயந்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் துடைத்தோம். முற்றத்தில் ஒரு கன்டெய்னரை நிறுத்தி, அதையே கூடமாக்கினோம். டீசல் கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் காத்திருப்பு. கெர்தா அழுது நாங்கள் பார்க்கவில்லை.

வாரங்கள் கழித்துக் குறுஞ்செய்தி இயந்திரம் உயிர்பெற்றது. கூரை விழுந்த பிறகும் பேட்டரி தீரும்வரை அது ஊராருடைய செய்திகளை வாங்கி வைத்திருக்கிறது. உரியவர்களுக்குப் போய்ச் சேராமல் அவை அப்படியே தேங்கிக் கிடந்தன.

பொறுப்பாளர் ஃபிரிட்ஸ்னர் அழித்துவிடலாம் என்றார்.

"செத்தவங்க பேசினா இருக்கறவங்க தாங்கமாட்டாங்க, கெர்தா."

"அது நம்ம பொருள் இல்லை, சார். யாருக்கு எழுதினாங்களோ அவங்களோடது."

அவர் சரியென்று தலையசைத்தார். கெர்தா செய்திகளைத் திறந்துவிட்டாள். பிறகு தன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவருக்கு அப்பால் கூடாரங்களில் போன்கள் ஒலிக்க ஆரம்பித்தன. எங்கோ ஒரு பெண் ஓலமிட்டாள். கெர்தாவின் போன் மட்டும் ஒலிக்கவில்லை. ஓட்னெலை நினைத்துத்தான் அப்படி வாதாடினேன் என்று வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னாள்.

மறுநாள் வாசலில் கூட்டம். வந்து சேர்ந்த தேதியைத்தான் போன்கள் காட்டின. நேற்று வந்திருக்கிறதே, அப்படியானால் உயிரோடுதானே இருக்கிறான் என்று கேட்டார்கள். ஃபிரிட்ஸ்னர் கதவைத் தாண்டவில்லை. கெர்தாதான் போய் ஒவ்வொருவரிடமும், அது பழைய செய்தி என்று சொன்னாள்.

வாழைக்காய் பொரித்து விற்கும் செலியான் கையில் மண்வெட்டியோடு வந்திருந்தாள். அச்சகத்தில் வேலை பார்த்த மகன் எழுதியிருந்தான்: "அம்மா, மேல யாரோ நடக்கற சத்தம் கேக்குது. நான் இங்கதான் இருக்கேன்."

எவ்வளவு சொல்லியும் அவள் ஏற்கவில்லை. கடைசியில் கெர்தாவும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளோடு போனாள். அச்சகத்தின் இடிபாடுகளை வண்டிகள் முன்பே வாரிக்கொண்டு போயிருந்தன. இருட்டும்வரை இருவரும் தோண்டினார்கள். வளைந்த கம்பியும் ஊறிப்போன தாளும்தான் கிடைத்தன.

அடுத்த வருடம் முகாமில் செலியானின் போன் களவுபோனது. நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அதை இன்னொரு தடவ அனுப்பிவிடு, மகளே."

"ஒரு தடவ போயிட்டா எங்ககிட்ட இருக்காதும்மா."

செலியான் நகரவில்லை. கெர்தா படியில் அவளருகே உட்கார்ந்து, மகன் எழுதியதை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். செலியான் கண்ணை மூடிக் கேட்டாள்.

"திரும்பச் சொல்லு."

சொன்னாள்.

இப்போதும் செலியான் அவ்வப்போது வருகிறாள். கெர்தா எழுந்து போய்ச் சொல்கிறாள். கிழவி போன பிறகும் வெகுநேரம் படியிலேயே இருப்பாள். நாங்கள் கூப்பிடுவதில்லை.